ஈரம் பார்க்கிற வேலை

தை பிறந்துவிட்டால் எனக்கு மூன்றே முக்காலுக்கு அலாரம். வைகாசி முடிகிற வரைக்கும் அப்படித்தான். அந்த நேரத்துக்குத் திருச்சி ரோட்டில் பால் வண்டியும் மில் வேனும் தவிர வேறொன்றும் ஓடாது. நாலரைக்கு மைதானத்துக் கேட்டைத் திறந்து, பெரிய லைட் எதையும் போடாமல், டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டு நேராக நடுவில் போய், பிட்ச்சை மூடியிருக்கிற கவரை ஒரு மூலையில் மட்டும் தூக்கி, கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்ப்பேன். விரல் எவ்வளவு இறங்குகிறது, எடுக்கும்போது மண் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறதா, விழுந்த குழி பளபளவென்று இருக்கிறதா மங்கலாக இருக்கிறதா. அன்றைக்கு என்ன வேலை என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

கோவைக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு கல்லூரியின் கிரிக்கெட் மைதானம் அது. பதினோரு வருடமாக சீசனுக்கு மட்டும் போய்க்கொண்டிருக்கிறேன். கிரவுண்டு வேலை என்று சொன்னால் பாதிப் பேர் அதைத் தண்ணீர் விடுகிற வேலை, கூட்டிப் பெருக்குகிற வேலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீரும் விடுகிறோம், கூட்டியும் பெருக்குகிறோம். ஆனால் இந்த விரலை வைத்து ஈரம் பார்க்கிறது இருக்கிறதே, அதைப் பற்றி ஒருநாள் விலாவாரியாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

ஏன் தை என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் நல்ல மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, நமக்குக் காற்றையும் தூறலையும் மட்டும் அனுப்பும். கார்த்திகையில் நனைந்து ஊறிப்போன தரை மார்கழியில் மெல்லக் காய்ந்து, தையில் ஆடுவதற்குத் தோதாக வரும். அப்புறம் லீக் ஆட்டங்கள், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள், சித்திரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடைப் பயிற்சி முகாம். வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பிவிடும். அதோடு எங்கள் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். மிச்ச மாதங்களுக்கு எனக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம், இரண்டு எருமை.

இதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தேன். பாதிக்கு மேல் நைட் ஷிப்ட். அங்கேயும் விடியற்காலத்தைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது வேலை முடிந்து, காதெல்லாம் இரைந்துகொண்டு, மூக்கில் பஞ்சோடு வெளியே வருகிற நேரம். வானம் வெளுத்திருப்பது கண்ணைக் கூசும், அவ்வளவுதான் தெரியும். மைதானத்துக்கு வந்த முதல் வாரத்தில்தான், வெளிச்சம் ஒரேயடியாக வருவதில்லை என்பதையே பார்த்தேன். முதலில் கிழக்கே தென்னந்தோப்பின் உச்சி மட்டும் தனியாகத் தெரியும். அப்புறம் சைட் ஸ்கிரீன், பந்து கண்ணுக்குத் தெரிவதற்காக மைதானக் கோடியில் நிற்கிற பெரிய திரை. அப்புறம்தான் புல்.

அந்தப் புல்லின் மேல் இருக்கிற பனியைத் தள்ளுவதுதான் எங்கள் முதல் வேலை. தை, மாசியில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கிற இரவுகளில் தரையின் சூடு அப்படியே மேலே போய்விடும், புல் காற்றைவிடக் குளிர்ந்துவிடும், காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் படிந்துவிடும். மேகம் மூடிய ராத்திரிக்கு மறுநாள் பனி குறைவாக இருப்பது அதனால்தான். நீளமான தடிக் கயிறு ஒன்றை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேர் அவுட்ஃபீல்டை, அதாவது பிட்ச்சைச் சுற்றியிருக்கிற புல்வெளியை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தே இழுப்போம். கயிறு போன வழியெல்லாம் வெள்ளை கலைந்து பச்சை வரும். பத்து நடை போனால் கயிறு நனைந்து இரண்டு மடங்கு கனத்துவிடும், கை விரல்கள் மரத்துப்போகும். இதைச் செய்யாமல் விட்டால் புல் ஒன்பது மணி வரைக்கும் ஈரத்தோடு கிடக்கும். ஈரத்தில் மிஷின் ஓட்டினால் வெட்டிய புல் கட்டிக்கட்டியாக பிளேடில் அடைத்துக்கொள்ளும். நாலு நாள் அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடித்து அங்கங்கே வட்டவட்டமாக வைக்கோல் நிறத்தில் கருகும்.

ஒரு விஷயம் சொல்கிறேன், ஒருநாள் காலையில் குனிந்து பாருங்கள். புல் இலையின் மேலெல்லாம் பொடிப்பொடியாகப் படிந்திருப்பது பனி. ஆனால் ஒவ்வொரு இலையின் நுனியிலும் தனியாக ஒரு பெரிய சொட்டு, முத்து மாதிரி நிற்கும் பாருங்கள், அது பனி இல்லை. ராத்திரியில் வேர் இழுத்த தண்ணீர் அதிகமாகி, புல் தானே நுனி வழியாகக் கசியவிடுகிற நீர் அது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த பிறகு எனக்கு அது ஒரு அடையாளமாகிவிட்டது. நுனிச்சொட்டு நிறைய நின்றால் வேர்ப்பக்கம் ஈரம் போதும், இன்றைக்கு ஸ்பிரிங்க்ளர் வேண்டாம்.

புல் என்றால் அருகம்புல். மைதானத்துக்காரர்கள் பெர்முடா என்பார்கள். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகுதான், அதில் மைதானத்துக்கென்று தேர்ந்தெடுத்த ரகங்களும் உண்டு. எங்கள் அம்மா வழி ஊர் காங்கயம் பக்கம். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம், மேய்வதற்குக் காங்கயம் மாடு. அப்படிப்பட்ட ஊரில் புல்லின் அருமை தெரியாமல் யாரும் பேச மாட்டார்கள். ஆனால் அதே அருகம்புல் உழவுக் காட்டுக்குள் வந்துவிட்டால் எங்கள் தாத்தாவுக்குத் தூக்கம் வராது. வேரை விட்டால் ஒரு மழைக்குக் காட்டையே பிடித்துவிடும் என்று கணுக்கணுவாகத் தோண்டிப் பொறுக்கி வரப்பில் காயப்போடுவார். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் சடங்குகளை நடத்தி வைக்கிற அருமைக்காரர் மணமக்களுக்குச் சீர் செய்யும்போது கையில் எடுப்பதும் அதே அருகு. 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' என்று வாழ்த்துவதன் முழு அர்த்தம் எனக்கு மைதானத்துக்கு வந்த பிறகுதான் புரிந்தது. மேலே வெட்ட வெட்ட அது பக்கவாட்டில் ஓடும். அரை அங்குல உயரத்துக்கு விடாமல் வெட்டி வந்தால் பாய் பின்னின மாதிரி ஆகிவிடும். தாத்தா எதற்குப் பயந்தாரோ அதற்குத்தான் இங்கே எனக்குச் சம்பளம்.

இங்கே எங்களுக்கு எதிரி கோரை. கோரையை மேலே பிடுங்கினால் கையோடு வந்துவிடும், சரி தீர்ந்தது என்று நினைப்போம். கீழே கிழங்கு இருக்கும், அந்தக் கிழங்கிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர் போய் இன்னொரு கிழங்கில் முடியும், அங்கிருந்து இன்னொன்று. பத்து நாளில் அதே இடத்தில் மூன்று முளைக்கும். களைக்கொத்தை வைத்துக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும், எடுத்த பள்ளத்தை மண் போட்டு அமுக்க வேண்டும். செட்டிபாளையத்திலிருந்து வருகிற நான்கு அக்காமார்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஐந்தரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கி, ஈரத் தரையில் சாக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்து நகர்ந்துகொண்டே போவார்கள். கோரைக்கும் இளம் அருகுக்கும் வித்தியாசம் அரைகுறை வெளிச்சத்தில் எனக்கே சிலசமயம் பிடிபடாது. "கண்ணு எதுக்குங்க, தொட்டாலே தெரியுமே, கோரைத் தண்டு மூணு பட்டையா இருக்கும்" என்றார் ஒரு அக்கா. உருட்டிப் பார்த்தேன், முக்கோணமாகத்தான் இருந்தது.

இனி ரோலர். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ஒரு டன் இரும்பு ரோலர், நான்கு பேர் இழுப்பது. பிட்ச் என்பது 22 கஜ நீளம், 10 அடி அகலம், கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். அந்த நீளத்துக்குள் பந்து எகிறுவதா, தவழுவதா, நேராகப் போவதா என்பதெல்லாம் அடியில் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை இறுக்குவது ரோலரின் கனம் மட்டும் இல்லை. எங்கள் பிட்ச் பல்லடம் பக்கத்துக் கரிசல் மண். கரிசலுக்கு ஒரு குணம் உண்டு, தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரம் கூடுதலாக இருக்கும்போது ரோலரைப் போட்டால் மண் இறுகாது, உருளைக்கு முன்னால் அலை மாதிரி தள்ளிக்கொண்டு போகும், மேல்தோல் உருளையில் ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். ரொம்பக் காய்ந்த பிறகு போட்டால் மேலே மட்டும் பொடிந்து புழுதியாகும், உள்ளே ஒன்றும் நடக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. அப்போது மண் பிசைந்த சப்பாத்தி மாவு மாதிரி, அழுத்தினால் குழி விழும், கையில் ஒட்டாது. அதைத்தான் பதம் என்கிறோம். உழவுக்குப் பதம் பார்க்கிற ஊரில் பிறந்தவனுக்கு அந்த வார்த்தை புதிது இல்லை. ஆனால் உழவுப் பதம் இரண்டு மூன்று நாள் நிற்கும். பிட்ச் பதம் மாசி மாதத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் பெரிய விஷயம், பங்குனியில் ஒரு மணி நேரம். வெயில் ஏறிவிட்டால் மேல் அரை அங்குலம் காய்ந்து ஓடாகிவிடும், அடியில் ஈரம் அப்படியே மாட்டிக்கொள்ளும். நாங்கள் இருட்டிலேயே வருவதற்குக் காரணம் இதுதான். முந்தின நாள் பொழுதோடு தண்ணீர் விட்டு, ராத்திரி முழுக்க அது கீழே இறங்கவிட்டு, வெள்ளென வந்து அந்த இரண்டு மணி நேரத்தைப் பிடிக்க வேண்டும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். முப்பது வருடம் ரோலர் இழுத்தவர், இப்போது இல்லை. முதல் வருடம் நான் வேகமாக இழுப்பேன், மில்லில் பழகின கை. அவர் ஒன்றும் சொல்லாமல் ரோலரின் பின்னால் நடந்து வருவார். ஒருநாள் நிறுத்தச் சொன்னார். "ஏங்கண்ணு, நீ இழுக்கிறே, மண்ணு அமுங்கறதுக்கு அதுக்கு நேரம் குடுக்க வேண்டாமா?" என்றார். அன்றையிலிருந்து மெதுவாகத்தான். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக அவர் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்று முடிக்கிற நேரம். காலையில் நாற்பது ஐம்பது தடவை போய்வருவோம். முதல் பத்து தடவைக்குத் தொப்புத் தொப்பென்று ஒரு சத்தம் இருக்கும். இறுக இறுக அந்தச் சத்தம் மாறி, கடைசியில் கல்தரையில் உருட்டுகிற மாதிரி ஒரு கிணுகிணுப்பு வரும். அது வந்தால் போதும் என்று நிறுத்திவிடுவார். மிஷின் வைத்து அளந்து பார்க்கிற பெரிய மைதானங்கள் எல்லாம் இருக்கின்றன, எனக்குத் தெரியும். எங்களுக்குக் கட்டைவிரலும் காதும்தான்.

மேட்ச் தொடங்கிவிட்டால் இஷ்டத்துக்கு உருட்டவும் முடியாது. இரண்டு மூன்று நாள் ஆட்டங்களில், ஒவ்வொரு நாள் காலையிலும் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கு முன்பும், பேட்டிங் செய்யப்போகிற அணியின் கேப்டன் கேட்டால்தான் ரோலர், அதுவும் அதிகபட்சம் 7 நிமிடம் என்று விதியிலேயே இருக்கிறது. முதல் இன்னிங்ஸுக்கு முன் அந்த உரிமையும் கேப்டனுக்குக் கிடையாது. அம்பயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அந்த 7 நிமிடத்தில் ஒன்றும் புதிதாகச் செய்துவிட முடியாது. அதற்கு முன்னால் பத்து நாள் விடியற்காலங்களில் செய்து வைத்ததுதான் இருக்கும்.

இதனால் ஒரு வருடம் மனது ரொம்பக் கஷ்டப்பட்டது. எந்த வருடம், யார் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு பெரிய போட்டி, முக்கியமான விருந்தினர் வருகிறார். இரண்டு நாளைக்கு முன்னால் கோடை மழை கொட்டி, கவர் ஒரு பக்கம் கிழிந்திருந்ததால் பிட்ச்சின் பாதியில் தண்ணீர் இறங்கிவிட்டது. இன்னும் ஒரு நாள் காய விடுங்கள், மறுநாள் விடியற்காலம் உருட்டிக்கொள்ளலாம் என்று பெரியவர் சொன்னார். கேட்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு உருட்டச் சொன்னார்கள், நிற்கவைத்து உருட்டச் செய்தார்கள். மண் அலைபோலத் தள்ளியது. தோல் பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தில் உலர்ந்த மண்ணைத் தூவி மூடச் சொன்னார்கள். ஆட்டத்தன்று பதினைந்தாவது ஓவரிலேயே ஒரு தட்டு அளவுக்கு மண் பெயர்ந்து, ஒரு பையனின் கன்னத்தில் பந்து பட்டது. நல்லவேளை, ஹெல்மெட் கம்பி தாங்கிக்கொண்டது. கிரவுண்டு ஆட்களின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். எங்களுக்கு இரண்டு நாள் கூலி பிடித்தம். கூலி போனது பெரிதில்லை. பெரியவர் அன்றைக்கு அந்தப் பையன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "மன்னிச்சுக்கோ சாமி" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

இந்த வேலை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்வதையும் சொல்ல வேண்டும். பனியில் மூன்று மணி நேரம் நனைந்த கால், விரலிடுக்கில் எப்போதும் சேற்றுப்புண். கோடு போடுகிற சுண்ணாம்பு உள்ளங்கையைப் பொத்துவிடும், எண்ணெய் தடவிக்கொண்டுதான் தொடுவோம். ரோலர் இழுத்த தோள் மாசியில் வலிக்கத் தொடங்கினால் ஆனி வரைக்கும் வலிக்கும். ராத்திரி எட்டரைக்கே படுக்க வேண்டும், அதனால் ஒறம்பரை, சொந்தக்காரர்கள் வந்தால்கூட உட்கார்ந்து பேச முடியாது. எங்கள் பக்கம் முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலத்தில். என் சொந்த அக்கா மகள் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கு லீக் ஃபைனல். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, இலையில் உட்கார வைத்துப் பரிமாறினாள். ஆனால் கல்யாண ஆல்பத்தில் சீர் செய்கிற படத்தில் நான் இல்லை.

அப்புறம் பாம்பு. கவரைச் சுருட்டி வைத்திருக்கிற இடம் கதகதப்பாக இருக்கும், அடியில் எலியும் இருக்கும். டார்ச் அடிக்காமல், கம்பால் தட்டாமல், கவரை யாரும் தூக்கக் கூடாது என்பது பெரியவர் போட்ட சட்டம். பதினோரு வருடத்தில் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை கட்டுவிரியன், சுருட்டின கவரின் இரண்டாவது மடிப்பில். அதை அடிக்கவில்லை, தட்டிக்கொண்டே ஒதுங்கி நின்றோம், பத்து நிமிடத்தில் வேலிப்பக்கம் போய்விட்டது. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாள் நான் சொல்வது இந்த ஒன்றுதான், புல் வெட்டுவதெல்லாம் அப்புறம்.

கிடைப்பதும் இருக்கிறது. ஏழே காலுக்கு வேலையை நிறுத்தி, பெவிலியன் படியில் எல்லோரும் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறக்கும்போது பார்க்க வேண்டும். அக்காமார் கொண்டுவருகிற பழைய சோறும் கொள்ளுத் தொக்கும், என் வீட்டு அரிசிம்பருப்புச் சோறு, யாராவது ஒருவர் தாளில் மடித்துக் கொண்டுவருகிற வடுமாங்காய். முன்னால் பச்சை விரிந்து கிடக்கும், மிஷின் போன திசைக்கு ஏற்பப் பட்டை பட்டையாக, ஒன்று அடர்த்தி ஒன்று வெளிர். ஒரே உயரப் புல்தான், சாய்ந்திருக்கிற பக்கம் வேறு, அதனால் வெளிச்சம் படுவது வேறு. பிட்ச் பெரும்பாலும் வடக்கு தெற்காகத்தான் அமைந்திருக்கும், எங்களுடையதும் அப்படித்தான், ஆடுகிறவன் கண்ணில் வெயில் விழக் கூடாது என்று. அதனால் உதிக்கிற சூரியன் சரியாகப் பிட்ச்சின் பக்கவாட்டில் இருந்து வரும். அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் பிட்ச்சில் ஒரு நெல்மணி அளவு மேடு இருந்தால்கூட நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். வேறு எந்த நேரத்திலும் அது கண்ணுக்குத் தெரியாது. சோற்றுக்கையோடு எழுந்துபோய் அந்த இடத்தில் ஒரு செங்கல்லை அடையாளம் வைத்துவிட்டு வந்த நாள்கள் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன்பு பங்குனியில் டீப் மிட்விக்கெட் பக்கம், எல்லைக்கோட்டுக்குக் கிட்டத்தில், ஆக்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் இல்லை, வெறுந்தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிப் பொடிக்கல், நடுவில் நான்கு முட்டை, கூர்முனையெல்லாம் உள்பக்கமாக. மண்ணின் நிறத்திலேயே கறுப்புப் புள்ளிகளோடு இருந்ததால், கயிறு இழுக்கும்போது அந்தப் பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டு பாய்ந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. நான்கு ஸ்டம்ப்பை நட்டு, சுற்றிக் கயிறு கட்டினோம். மிஷினை அந்த இடத்தைச் சுற்றி ஓட்டினோம். மேட்ச் இல்லாத நாள்களாகப் பார்த்துப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம், அங்கே பந்து போனால் ஓட வேண்டாம், நான்கு ரன் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டோம். சொன்னபடி கேட்டார்கள். நான்கு வாரத்தில் மூன்று குஞ்சு பொரிந்தது. பொரிந்த அன்றைக்கே அவை எழுந்து ஓடின, பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி. நான்காவது முட்டை பொரிக்கவில்லை.

2022இல் தமிழ்நாடு பிரீமியர் லீக், டி.என்.பி.எல். இறுதி ஆட்டம் கோவையில் நடந்தது, கோவை கிங்ஸும் சேப்பாக் சூப்பர் கில்லீஸும். மழை வந்து ஆட்டத்தை முடிக்கவே முடியாமல் கோப்பையை இரண்டு அணிக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். எல்லோரும் ஆட்டம் போச்சே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மழைக்குள் கவரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் மேல்தான் கண். நனைந்த கவர் எவ்வளவு கனக்கும் என்று தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த வருடம் செப்டம்பரில் கொழும்பில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். அந்தப் போட்டித் தொடர் முழுக்க மழையோடு மல்லுக்கட்டின மைதானத்து ஆட்கள். நம்ம இந்தியப் பந்துவீச்சாளர் சிராஜ் 21 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார், இலங்கை 50 ரன்னில் சுருண்டது, ஆட்டநாயகன் பரிசான 5,000 டாலரை அப்படியே மைதானப் பணியாளர்களுக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு முன்னால் 2021இல் கான்பூர் டெஸ்ட் முடிந்ததும், அப்போது இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த டிராவிட் தன் கையிலிருந்து 35,000 ரூபாய் கொடுத்தார், ஐந்து நாள் நின்று ஆடுகிற மாதிரி பிட்ச் போட்டதற்காக. இந்த இரண்டு செய்தியும் வந்த அன்று எங்கள் வாட்ஸப் குழுவில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. நம்ம சேலத்துச் சின்னப்பம்பட்டியில் பந்துவீச்சாளர் நடராஜன் சொந்த ஊரிலேயே மைதானம் கட்டி 2023இல் திறந்தாரே, அதையும் ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும். யார்க்கர் போட்டுப் பேர் வாங்கின ஊரில் விடியற்காலம் யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

எங்களுக்கு அப்படிப் பரிசெல்லாம் வேண்டாம். பதினோரு வருடமாக ஒவ்வொரு மார்கழியிலும் ஒரு போனுக்காகக் காத்திருக்கிறேன். "வர்ற திங்கக்கிழமையிலிருந்து வந்துருங்க" என்று ஒரு வரி. வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. எழுத்தில் ஒன்றும் கிடையாது. நாள் கணக்கில் கூலி, மழை பெய்து ஆட்டம் நின்றால் அந்த நாள் போச்சு. மழை நாளில்தான் எங்களுக்கு வேலை இரண்டு மடங்கு என்பதைச் சொல்லியும் பார்த்துவிட்டோம். ஈரம் பார்க்கத் தெரிந்தவனும் இன்றைக்குக் காலையில் புதிதாக வந்து கயிறு பிடித்தவனும் அவர்கள் நோட்டில் ஒரே வரிதான், ஒரே தொகைதான். புதியவனுக்குக் குறைத்துக் கொடு என்று நான் கேட்கவில்லை. முப்பது வருடம் அந்த மண்ணைத் தொட்டுத் தெரிந்துகொண்ட ஒரு மனிதர் போனபோது அவரோடு என்னென்ன போனது என்று அந்த நோட்டைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனி மாதம் மைதானம் சும்மாதானே கிடக்கிறது என்று எங்களை அனுப்பிவிட்டு, மழைக்காலத்தில் கோரையை முழங்கால் உயரத்துக்கு வளரவிட்டு, மறுபடி தையில் கூப்பிட்டு மூன்று வாரத்தில் சரிசெய் என்கிறார்கள். பன்னிரண்டு மாதமும் இரண்டே இரண்டு ஆளை வைத்திருந்தால் அந்த மூன்று வாரமும் தேவையில்லை, அந்தச் செலவும் தேவையில்லை. எட்டு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த வருடமும் சொன்னேன்.

இந்த வருடம் ரோலருக்கு ஒரு பையன் வந்திருக்கிறான். ஒடிசாக்காரன், வயது இருபத்திரண்டு இருக்கும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவன். தமிழ் முழுக்க எங்கள் பக்கத்துத் தமிழாகவே பழகியிருக்கிறான். வந்த நாளிலிருந்து நான் விரல் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தானும் வைத்துப் பார்ப்பான். நான் ஒன்றும் விளக்கவில்லை. அவன் ஊரில் நெல் வயலாம், சேற்றுப் பதம் அவனுக்குத் தெரியும், இது அப்படி இல்லை என்று மட்டும் சொன்னேன்.

போன மாசியில் ஒருநாள் நான் கேட் பக்கம் மோட்டார் போடப் போய்விட்டேன். திரும்பி வரும்போது மூன்று பேரும் ரோலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிளம்பத் தயாராக நிற்கிறார்கள், இவன் மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். மணி ஐந்தே கால். மேட்ச் மறுநாள். "ஏனப்பா, போலாமா?" என்றேன்.

"இல்லீங்ணா" என்றான், விரலை எடுக்காமலே. "இந்தப் பக்கம் ஆச்சு, அந்தப் பக்கம் இன்னும் ஆகலைங்ணா. அரை மணி நேரம்."

போய் வைத்துப் பார்த்தேன். வடக்குக் கோடியில் சரியாக இருந்தது. தெற்கே, பெவிலியன் நிழல் விழுகிற பக்கம், குழி இன்னும் பளபளவென்றுதான் இருந்தது, மண் லேசாக விரலில் ஒட்டியது. ரோலர் கம்பியைக் கீழே வைக்கச் சொன்னேன். பிளாஸ்கில் டீ இருந்தது, ஐந்து பேரும் ஊற்றிக்கொண்டு கவர் மேலேயே உட்கார்ந்தோம். ஐந்தே முக்காலுக்கு அவன்தான் முதலில் எழுந்து போய் மறுபடி விரல் வைத்தான்.